ஆறாவது பொட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

சிவகாசிப் பெரிய கம்பெனியின் துப்பாக்கியில் ஆறாவது பொட்டு வெடிக்கவில்லை.

முதலில், எட்டுப் பொட்டு வட்டமாக இருக்கும் ரிங்கில் ஈரம் இருக்கும் என்று நினைத்தேன். வேறு ரிங் போட்டேன். ஐந்து பொட்டு வெடித்தது, ஆறாவதுக்கு டக் என்று ஒரு வெறும் சத்தம், ஏழும் எட்டும் வெடித்தன. கடையில் வாங்கிய அவர்களுடைய இன்னொரு துப்பாக்கியில் போட்டேன். அதே கதை. பிறகு எங்கள் கம்பெனி செய்ததை எடுத்துச் சுட்டேன். எட்டும் வெடித்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கும் சத்த ரூமை விட்டு வெளியே வந்து, பெயின்ட் அடிக்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தைத் தாண்டி, முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சியின் மேசை முன்னால் நின்று வாயைத் திறக்க வேண்டும்.

நாங்கள் செய்வது தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் பொம்மைத் துப்பாக்கி. பெரிய கம்பெனியின் ‘கர்ஜனை’ ரிவால்வர் என்றால் இந்தப் பக்கம் தெரியாத வீடு கிடையாது. அவர்களுக்குச் செய்து மாளவில்லை என்று இந்த வருஷம் சாத்தூரில் எங்கள் அண்ணாச்சிக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அதே உருவம், அதே பெயர். பெட்டியின் அடியில் மட்டும் எறும்பு எழுத்தில் ‘உரிமம் பெற்ற தயாரிப்பு’ என்று இருக்கும். அண்ணாச்சி லைசென்ஸைச் சட்டம் போட்டு, வெயிலுகந்தம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். காலையில் இரண்டுக்கும் பத்தி காட்டுகிறார். பூ லைசென்ஸுக்குத்தான் அதிகம்.

பெட்டிக்குப் போவதற்கு முன்னால் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்ப்பது என் வேலை. சத்தத்தில் யாரும் என்னிடம் பேச முடியாது. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். எங்கள் ஊருக்குப் பஸ் ஒழுங்காக வருவதில்லை, அதனால்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

செல்வின் சத்த ரூமுக்கு வந்தார். நாசரேத்துக்காரர், துப்பாக்கிக்கு அச்சு வெட்டுகிறவர். எல்லாரும் செல்வின் அண்ணே என்று கூப்பிடுகிறார்கள். நான் எப்படியும் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டிய வேலை வந்ததில்லை.

“நம்ம சாமான் எப்படி இருக்கு?” என்றார்.

பெரிய கம்பெனியின் துப்பாக்கியில் ரிங் மாட்டிக் கையில் கொடுத்தேன். சுட்டார். ஆறாவதில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்களுடையதைக் கொடுத்தேன். எட்டும் வெடித்ததும் சிரித்துவிட்டார்.

“அந்தக் குழியா? மாதிரிக்குக் குடுத்த பீஸ்ல, உருளையில ஆறாவது குழி பள்ளமாக் கெடந்துச்சு. ஏதோ அடிபட்டிருக்குன்னு அச்சு வெட்டும்போது நெரவி விட்டுட்டேன். அப்ப அவங்க சாமான் எல்லாமே அப்படித்தானா?”

தலையாட்டினேன்.

“பாவம்” என்றார், பெரிய கம்பெனியின் துப்பாக்கியைப் பார்த்து.

நேராக அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னார். அண்ணாச்சி கூடத்துக்கே வந்து நின்று பிரசங்கம் செய்தார். “கேட்டுக்கோங்க. நெசத் துப்பாக்கிலயும் இதான் நடக்கு. ரஷ்யாக்காரன் ஒண்ணு செஞ்சான். லைசென்ஸ் வாங்கிப் பல நாடு செஞ்சான், வாங்காமலும் பல நாடு செஞ்சான். எது யாரு செஞ்சதுன்னு சுடுதவனுக்கும் தெரியாது, சுடுபடுதவனுக்கும் தெரியாது. ஆனா நம்மது எட்டும் வெடிக்குது. அப்ப நாம யாரு?”

“யாரு அண்ணாச்சி?” என்றார் பொன்னுத்தாய் அக்கா. பெயின்ட் பகுதிக்கு மூத்தவர். பதில் தெரிந்தாலும் கேட்பார்.

“ஒரிஜினலை விட ஒரிஜினல்!”

மதியம் வேலை குறைவு. நான்கு துப்பாக்கிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

அசல் கர்ஜனை நல்ல கனம். விசை கெட்டி, சின்னப் பிள்ளை இரண்டு விரல் போட்டு இழுக்க வேண்டும். கறுப்புப் பெயின்ட் உள்ளங்கையில் ஒட்டுகிறது. எங்களுடையதும் அதே கனம் என்று அண்ணாச்சி சொல்கிறார், தூக்கினால் தெரிந்துவிடும். விசை லேசு. பெயின்ட் ஒட்டாது, ஏனென்றால் காய்வதற்குள் தொட்டவர்களைப் பொன்னுத்தாய் அக்கா சும்மா விடுவதில்லை. மூன்றாவது ‘வேட்டை’. கோவில்பட்டிப் பக்கம் யாரோ லைசென்ஸ் இல்லாமல் செய்கிறார்கள். தகரம், ஓரம் கையை அறுக்கும். சில பொட்டு வெடிக்கும், சிலது வெடிக்காது, அது அதன் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. நான்காவது டெல்லி பிளாஸ்டிக். பொட்டே கிடையாது, பாட்டரி. சிவப்பு விளக்கு எரியும், ஒரு பெண் இங்கிலீஷில் மிரட்டுவாள். புகை இல்லை, காது வலி இல்லை. அம்மாக்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் அதைத் திருகிக் கழற்றிப் பாட்டரியை எடுத்துவிடுவார்கள்.

எங்களுடையதுதான் எல்லாவற்றிலும் நல்லது. எழுதி வைக்கிறேன், சொல்லப் போவதில்லை.

செல்வின் சாப்பாட்டில் இன்று சாளை மீன் குழம்பு. டப்பா திறந்திருந்ததால் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

மதுரை அத்தை போன் செய்தார். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் மேற்பார்வை வேலை அவருக்கு. எனக்கும் அங்கே ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார். கடை வாசலில் ஒரே மாதிரிச் சேலை கட்டிக்கொண்டு நின்று, ரோட்டில் போகிறவர்களை “வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா” என்று நாள் முழுக்கக் கூப்பிட வேண்டும்.

“துப்பாக்கிக் கம்பெனி ஓடுத வரைக்கும் ஓடட்டும் மதினி. நின்னுச்சுன்னா மறுநாளே அனுப்பி வைக்கேன்” என்றார் அம்மா. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துப் பேசினார்.

கம்பெனி நிற்காது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதுரைக்குப் போன லோடு திரும்பி வந்தது.

அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மொத்த வியாபாரி கத்தியது சத்த ரூமுக்குள்ளேயே கேட்டது. “என்ன அண்ணாச்சி, போலிச் சரக்க அனுப்பி மானத்த வாங்கிட்டீங்களே!”

“போலியா? லைசென்ஸ் இருக்குவே!”

“லைசென்ஸ நாங்க சுடவா முடியும்? கடைக்கு வார சின்னப் பயலுக சுட்டுப் பாத்துட்டு மூஞ்சில விட்டெறியுதானுக. ஆறாவது வெடிக்குதாம்!”

“வெடிச்சா நல்லதுதானவே?”

“கர்ஜனைன்னா ஆறாவது வெடிக்கக் கூடாது. எங்கப்பா வாங்கிக் குடுத்ததுலயே வெடிக்காது. ஆறாவது வெடிச்சா டூப்ளிகேட்டு. இது மதுரையில மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியும்.”

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு லைசென்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கு அப்போதுதான் எங்கள் தெருப் பையன்கள் ஞாபகம் வந்தது. கர்ஜனையை வைத்துத் ‘தப்பிச்சான்’ விளையாடுவார்கள். எட்டுப் பேர் வட்டமாக நிற்பார்கள். ஒருவன் நடுவில் நின்று ஒவ்வொருவனையாகச் சுடுவான். வெடித்தால் செத்தான். ஆறாவது ஆள் பிழைத்துக்கொள்வான், அவன்தான் அடுத்த ஆட்டத்துக்கு ராஜா. யார் ஆறாவதாக நிற்பது என்று ஆட்டத்தை விடப் பெரிய சண்டை நடக்கும். எங்கள் துப்பாக்கியை வைத்து ஆடினால் எட்டுப் பேரும் செத்துவிடுவார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ராஜா இல்லை.

இத்தனை வருஷம் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஆறாவது ஏன் வெடிக்கவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆட்டத்தின் விதி என்றே நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பெரிய கம்பெனியிலிருந்து மேனேஜர் பத்மநாபன் சார் காரில் வந்தார். ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேசினார்.

“ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்கு? ‘எல்லா வகையிலும் அசலை ஒத்திருக்க வேண்டும்’. ஒத்திருக்கா?”

“சார், உங்க துப்பாக்கில ஒரு கொறை இருந்துச்சு…” என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

“அது குறை இல்ல. அம்சம்.”

“தெரியாம சரி பண்ணிட்டோம் சார்.”

“யார் சரி பண்ணது?”

செல்வின் ஒரு அடி முன்னால் வந்தார். மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீ டிசைன் எஞ்சினியரா?”

“இல்ல சார். ஐடிஐ.”

“அப்பறம் ஏன் யோசிச்ச?”

அடுத்ததாக மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “டெஸ்டிங் யாரு? நீயா? எட்டும் வெடிக்கிற துப்பாக்கிய எப்படிம்மா பாஸ் பண்ண?”

நான் தரையைப் பார்த்தேன். தரையில் பெயின்ட் சொட்டு ஒன்று இருந்தது.

“இந்தப் புள்ள பேசாது சார்” என்றார் பொன்னுத்தாய் அக்கா. “சுட மட்டுந்தான் செய்யும்.”

புதுத் துப்பாக்கிகள் அசல் மாதிரியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து, திரும்பி வந்த சரக்கும் எங்கள் தலையில் என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். அண்ணாச்சி எல்லாரையும் நிற்க வைத்தார். “லைசென்ஸ் போச்சுன்னா பூட்டிட்டுப் போக வேண்டியதான். செல்வின், நீ சரி பண்ணத நீயே கெடுத்துரு. கெடுக்க முடியலன்னா நாசரேத்துக்கு டிக்கெட் எடுத்துக்கோ.”

செல்வின் சாப்பாட்டு டப்பாவை இன்று திறக்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

சரி செய்வதை விடக் கெடுப்பது கஷ்டம் என்று தெரிகிறது.

செல்வின் ஆறாவது குழியைத் தோண்டினார். ஆறாவது வெடித்தது, மூன்றாவது வெடிக்கவில்லை. இன்னும் தோண்டினார். ஆறும் ஏழும் சேர்ந்து வெடித்தன. நான் கையை உதறினேன், செல்வின் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றில் நான்காவது மட்டும் வெடிக்கவில்லை. “இது வேட்டை” என்று சிரித்தார். ஒன்றில் எட்டுமே வெடிக்கவில்லை. அதைப் பார்த்த அண்ணாச்சி, “இது ரொம்ப ஒரிஜினலாப் போச்சு” என்றார்.

என் வேலையும் தலைகீழாகிவிட்டது. ஒழுங்காக வெடிக்கிற துப்பாக்கிகளைக் கழித்துக் கழிவுக் கூடையில் போடுகிறேன். கூடையில் ஒரு குறையும் இல்லாத துப்பாக்கிகள் நிரம்பிக் கிடக்கின்றன. கூட்டுகிற அக்கா, “இதெல்லாம் என்ன கேடு?” என்று கேட்டார். கையை விரித்தேன்.

செப்டம்பர் 3, புதன்

லோடு திரும்பிய விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பொன்னுத்தாய் அக்காவைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறார். பொன்னுத்தாய் அக்காவைப் பஸ்ஸில் பார்த்தால் எதுவும் தெரியாமல் இறங்க முடியாது.

“இப்பவே பழகிக்கோ” என்றார் அம்மா. வீட்டு வாசற்படியில் என்னை நிறுத்தினார். கையில் கூடையோடு தெருவில் நாலு எட்டு போய்த் திரும்பி, முன்பின் தெரியாத ஆள் மாதிரி வந்தார்.

“கூப்பிடு.”

“…”

“ஏ புள்ள, நான் போய்க்கிட்டே இருக்கேன். தாண்டிப் போயிருவேன். கூப்பிடு!”

“வா…”

“வா என்ன வா? அம்மாகிட்டயே வா போன்னு பேசுத. வாங்கக்கான்னு சொல்லு.”

“அம்மாவ எப்படி அக்கான்னு கூப்பிட?”

எதிர்வீட்டு இசக்கியம்மாள் பெரியம்மா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னடி விளையாட்டு?” என்று தானும் வந்து, எங்கள் வீட்டைத் தாண்டி மெதுவாக நடந்து காட்டினார். அவரையும் நான் கூப்பிடவில்லை. “இவ கூப்பிட்டு நான் சேல எடுத்த மாதிரிதான்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அம்மா சிரிக்கவில்லை. கூடையை உள்ளே வைத்துவிட்டு, “பள்ளிக்கூடத்துலயும் இதான” என்றார். பத்தாவது தமிழ் டீச்சர் தினமும் ஒருவரை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்வார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் நின்றது பஸ்ஸினால்.

செப்டம்பர் 4, வியாழன்

பஸ் எட்டு மணிக்கு வந்தது. தினமும் அதே நேரத்துக்குத்தான் வருகிறது. பள்ளிக்கூடம் கம்பெனிக்கு முந்தின நிறுத்தம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆறாவது வெடிக்கவில்லை!

செல்வின் அசல் உருளையில் மெழுகை ஊற்றி, குழியின் பள்ளத்தை அப்படியே அச்சில் எடுத்திருக்கிறார். நான் அடுத்தடுத்துச் சுட்டேன். ஐந்து வெடி, ஒரு டக், இரண்டு வெடி. திரும்பவும் அதேதான். கூடம் முழுக்கக் கை தட்டினார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்காததற்காக இவ்வளவு பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி கேசரி வாங்கிவரச் சொன்னார்.

“பாத்தியா?” என்றார் செல்வின். “உனக்கு இந்த டக் சத்தம் எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு” என்றேன்.

எல்லாம் அசல் துப்பாக்கி மாதிரி ஆகிவிட்டது. கனம் மட்டும் குறைவு, விசை லேசு, பெயின்ட் ஒட்டவில்லை. அதை மேனேஜர் கவனிக்காமல் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

சிவகாசியில் வியாபாரிகள் கூட்டமாம். அசல் எது, போலி எது என்று வியாபாரிகள் குழம்பிப் போயிருக்கிறார்கள். பெரிய கம்பெனி எல்லாரையும் வரவழைத்து, பெயரை மறைத்து மூன்று துப்பாக்கிகளைச் சுட்டுக் காட்டப் போகிறது. அசல், எங்களுடையது, வேட்டை. எது அசல் என்று வியாபாரிகளே சொல்ல வேண்டும். எங்களுடையதும் அசல் போலவே இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் லைசென்ஸ் நிலைக்கும்.

சுடுவதற்குக் கை பழகிய ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். மேடையில்.

மதியச் சாப்பாட்டையும் சத்த ரூமிலேயே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் ஒரு மேசை. மூன்று துப்பாக்கிகளிலும் பெயர் இருக்கும் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தார்கள். கீழே வியாபாரிகள் வெள்ளை வேட்டிகளாக உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை, மேசை விரிப்பின் பூக்களைப் பார்த்தேன்.

“பேச வேண்டாம்லா. சுட்டாப் போதும்” என்று செல்வின் ஏறும்போது சொல்லியிருந்தார். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கனமாக இருந்த ஒன்றாம் நம்பர் அசல். இரண்டு எங்களுடையது. மூன்று என் விரலை அறுத்தது.

பத்மநாபன் சார் மைக்கில் பேசினார். “அசலுக்கு நிகர் அசல்தான். உங்க காதே சொல்லும். முதல்ல ஒன்றாம் நம்பர்!”

சுட்டேன். ஐந்து வெடித்தது.

ஆறாவதும் வெடித்தது.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஒருவேளை எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று ஏழாவதையும் எட்டாவதையும் சுட்டேன். வெடித்தன.

“போலி!” என்று ஒருவர் எழுந்தார். “இதுதான் போலி!” என்று மண்டபம் முழுக்கக் கத்தியது. “இந்த மாதிரிக் கழிசடையத்தான் எங்க தலையில கட்டுனானுக!” ஒருவர் செருப்பைத் தேடிக் குனிந்ததை நானே பார்த்தேன்.

மேனேஜரின் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் நின்ற தன் ஆளிடம் மைக்கை மூட மறந்து, “என்னய்யா இது?” என்றார். அந்த ஆள் சொன்னது மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டிருக்க வேண்டும். ஆனால் கத்திக்கொண்டிருந்ததில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. “மேல இருந்து ஆர்டர் சார். சாத்தூர்க்காரன் காப்பியில எட்டும் வெடிக்குது, நம்ம அசல்ல வெடிக்கலன்னா அசிங்கம்னு, போன வாரந்தான் நம்ம அச்ச சரி பண்ணோம்.”

நாங்கள் அவர்களைப் பார்த்துக் கெடுத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் எங்களைப் பார்த்துச் சரி செய்திருக்கிறார்கள்.

“இரண்டாம் நம்பர்” என்றார் மேனேஜர்.

சுட்டேன். ஆறாவதுக்கு டக்.

“இதாம்யா கர்ஜனை!” வயதான வியாபாரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க காலத்துல இருந்து மாறவே இல்ல பாரு. கெட்டியான சாமான். இந்தப் புள்ள எப்படி லேசா இழுக்குது பாத்தியா? அதான் ஒரிஜினல் விசை.”

மூன்றாம் நம்பரில் நான்காவதும் வெடிக்கவில்லை, ஆறாவதும் வெடிக்கவில்லை. இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வேட்டை என்றது ஒரு கட்சி. பழைய ஸ்டாக் கர்ஜனை, ஈரத்தில் இருந்திருக்கும் என்றது இன்னொரு கட்சி.

மேனேஜர் இரண்டாம் நம்பரை மேசையிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினார். “சரியாச் சொன்னீங்க! இதுதான் எங்க அசல் கர்ஜனை!”

கை தட்டல். கீழே முதல் வரிசையில் தங்கப்பழம் அண்ணாச்சி எல்லாரையும் விட ஓங்கித் தட்டினார். அது அவருடைய துப்பாக்கி.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இறங்கும்போது செல்வின் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், மூடியைத் திறந்து வைத்திருந்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

ஏற்பாடு முடிந்துவிட்டது. புது லைசென்ஸும் வந்து சட்டத்துக்குள் ஏறிவிட்டது.

நாங்கள் செய்யும் துப்பாக்கி பெரிய கம்பெனியின் அசல் பெட்டியில் போகும். பெரிய கம்பெனி செய்யும் துப்பாக்கி எங்கள் பெட்டியில், ‘உரிமம் பெற்ற தயாரிப்பு’ என்று குறைந்த விலைக்குப் போகும். அவர்கள் தங்கள் அச்சைத் திரும்பக் கெடுக்க முயற்சி செய்தார்களாம், வரவில்லையாம்.

“அப்ப எது அசல் அண்ணாச்சி?” என்று கேட்டார் பொன்னுத்தாய் அக்கா. இந்தத் தடவை நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டார்.

“பெட்டில என்ன போட்டிருக்கோ அது” என்றார் அண்ணாச்சி.

கம்பெனி நிற்கவில்லை. அம்மாவிடம் அதை மட்டும் சொன்னேன். அம்மா அத்தைக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

செப்டம்பர் 24, புதன்

அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். கூடத்தைத் தாண்டிப் போனேன். பெயின்ட் அடிக்கிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் செல்வின் நின்றிருந்தார்.

“கனி, உனக்கு நல்ல காலம்” என்றார் அண்ணாச்சி. “மதுரையில பெரிய கம்பெனி தீபாவளி ஸ்டால் போடுதாக. அன்னைக்கு மேடையில நீ சுட்டது மேனேஜருக்குப் பிடிச்சுப்போச்சு. ஸ்டால் வாசல்ல நின்னு, ‘வாங்க வாங்க, ஆறாவது வெடிக்காது, அசல் கர்ஜனை’ன்னு கூப்பிடணும். சுட்டுக் காட்டணும். அவ்ளோதான். சம்பளமும் கூட. உங்கம்மாகிட்டப் பேசிட்டேன். அவங்களுக்கு ஒரே சந்தோசம்.”

நான் தரையைப் பார்த்தேன்.

“சத்த ரூம் இனிமே வேண்டாம். நம்ம செய்யிறது ஆறாவது வெடிக்காது, அது அசல்னு விக்கும். அவங்க செய்யிறது எட்டும் வெடிக்கும், அது காப்பின்னு விக்கும். வெடிச்சாலும் விக்கும், வெடிக்காட்டியும் விக்கும். இதுல என்னத்த சுட்டுப் பாக்க?”

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கூட்டுகிற அக்கா என் ஸ்டூலைத் தூக்கிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். சத்த ரூமில் அட்டைப் பெட்டி அடுக்கப் போகிறார்களாம்.

“நாலாவது வெடிக்காட்டி அண்ணாச்சி?” என்றேன்.

அண்ணாச்சி, யார் பேசியது என்று செல்வினைப் பார்த்தார். செல்வின் என்னைப் பார்த்தார்.

“என்ன சொன்ன?”

“ஆறாவது வெடிக்காட்டி அசல். எட்டும் வெடிச்சாக் காப்பி. நாலாவது வெடிக்காட்டி வேட்டை.” நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க வராது என்று தெரியும். “அசல் பெட்டிக்குள்ள நாலாவது வெடிக்காத ஒண்ணு போயிருச்சுன்னா, லைசென்ஸ் வாங்கி வேட்டை செய்யுதோம்னு சொல்லுவாக. அன்னைக்கு மண்டபத்துல சொன்னாகள்ல.”

கூடத்தில் பிரஷ் ஓடும் சத்தம் நின்றுவிட்டது. அண்ணாச்சி சுவரிலிருந்த லைசென்ஸைப் பார்த்தார்.

“ஏலே செல்வின், நம்மதுல அப்படி வருமா?”

“வரும் அண்ணாச்சி” என்றார் செல்வின். “முன்னாடி ஒண்ணு வந்துச்சு. இந்தப் புள்ளதான் கழிச்சிச்சு.”

அண்ணாச்சி மேசையில் விரலால் தட்டினார். “சரி. அப்ப மதுரைக்கு யாரு போவா? வாசல்ல நின்னு கத்தணுமே.”

“வாங்கண்ணே! வாங்கக்கா! ஆறாவது வெடிக்காது! எங்கப்பன் மேல சத்தியமா வெடிக்காது!” என்று கூடத்தின் நடுவிலிருந்து பொன்னுத்தாய் அக்கா எழுந்து நின்று கத்தினார். கையில் பெயின்ட் பிரஷ் இருந்தது. ரோட்டில் போன சைக்கிள்காரர் ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

நான் என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சத்த ரூமுக்குள் போனேன். கதவைச் சாத்திவிட்டு, ரிங்கை மாட்டிச் சுட ஆரம்பித்தேன்.